மாமா மறக்கவில்லை

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். பகலில் நாலு தடவை போனை எடுத்து, உங்கள் பெயர் வரைக்கும் போய், வைத்துவிட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் பாதியைத்தான் சொல்வேன், மீதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் மின்னஞ்சல். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

உங்கள் அப்பா நன்றாக இருக்கிறார். மாமாவுக்கு நெஞ்சு வலி இல்லை, மூச்சிரைப்பும் இல்லை. சாப்பாட்டில் உப்பே இல்லை என்று காலையிலேயே என்னோடு சண்டை. பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள்.

இனி விஷயம். ஆஸ்பத்திரியில் மாமா, "நான்தான் டாக்டர் மாத்திரையை மறந்துட்டேன். மூணு மாசமா போடல" என்று சொன்னார். நீங்களும் அன்றைக்குப் போனில், "சின்னப் பிள்ளையாப்பா நீங்க? மூணு மாசமா மறப்பாங்க ஒருத்தர்?" என்று கத்தினீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணி, மாமா ஒரு நாள்கூட மறக்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்.

பிரசவத்துக்குப் பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்குக் கொழுப்பு அதிகம் என்று வந்தது உங்களுக்குத் தெரியும். தினமும் நட, சாப்பாட்டைக் கவனி, பிறகு பார்க்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாப்பாவுக்கு யார் தலைவாரி விடுவார்கள் என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவளுக்குத் தலையில் அப்போது முடியே இல்லை, அது வேறு கதை. பால் கொடுத்துக்கொண்டே போனில் கண்டதையும் படித்தேன். மருதம்பட்டையும் பூண்டும் சேர்ந்த மூலிகைக் குளிகை ஒரு புட்டி வாங்கினேன்.

தனியாக நடக்கச் சோம்பலாக இருந்ததால் மாமாவையும் இழுத்துக்கொண்டேன். "முப்பத்தோரு வருசம் உட்கார்ந்த இடத்துலயே ஊரை நகர்த்தினவன் நான். ஒரு பஸ் டிரைவரைப் போய் நடக்கச் சொல்றியே, அடுக்குமா?" என்றார். ஆனால் வந்தார். பாப்பாவின் தள்ளுவண்டியைப் பிடித்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பூங்காவில் திருப்பம் வரும்போதெல்லாம் "பிடிச்சு உட்காருங்க, வண்டி திரும்புது" என்பார். அவள் கைதட்டுவாள். பத்து நிமிடம் நடந்தவர் நாற்பது நிமிடம் நடந்தார். மழை நாளில் மாடிப்படியின் முதல் படியில் இரண்டு பேரும் ஏறி இறங்குவோம். மூன்று மாடியையும் நிற்காமல் ஏறிவிட்டு, இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கும் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம், "என்ன சார், டீசல் தீர்ந்துபோச்சா?" என்று கேட்கிற அளவுக்குத் தேறினார்.

மூன்று மாதம் கழித்து என் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. எல்லாம் குளிகையால்தான் என்று நம்பினேன். அந்த ஒரு காகிதம் என் கண்ணை மறைத்துவிட்டது, அண்ணி.

நான் தாவரவியல் படித்தவள். செய்முறைத் தேர்வுக்கு எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாமா நடக்கிறார், கொழுப்புக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையும் போடுகிறார். அதோடு என் குளிகையையும் கொடுத்துக் கொழுப்பு குறைந்தால், அது குளிகையால்தான் என்று நான் எப்படிச் சொல்வது? அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டு, குளிகையை மட்டும் கொடுத்தேன். செடிக்கு ஒரு உரத்தை நிறுத்திப் பார்ப்பதைப் போல. நோட்டுப் போட்டு, நடந்த நிமிடம், நாடித்துடிப்பு, குளிகை என்று கட்டம் கட்டி எழுதினேன். நல்லபடியாக முடிந்ததும் நான் இருக்கிற தாய்மார்கள் குழுவில் போட்டுப் பெயர் வாங்கலாம் என்று ஆசை. இதை எழுதவே கை கூசுகிறது.

மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டாக்டர்கிட்ட கேட்டுட்டியாம்மா?"

"கேட்டுட்டேன் மாமா" என்றேன்.

கேட்கவே இல்லை. "அப்ப சரி, படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மாத்திரை அட்டைகளை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். அவை இன்னும் என் அலமாரியில், துணிக்கு அடியில் இருக்கின்றன.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குக் காலை, பூங்காவில் மூன்றாவது சுற்றில் அவர் தள்ளுவண்டியை நிறுத்தினார். ஏதோ வேடிக்கை காட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவருக்குச் சட்டையெல்லாம் வேர்வை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவரை வாடகைக் காரில் ஏற்றினேன். அந்தக் காரில் நான் செய்ததை மன்னிக்கச் சொல்லி உங்களைக் கேட்க எனக்கு வாய் இல்லை. வலியில் கண்ணை மூடியிருந்தவரின் காதருகே போய், "மாமா, நான் டாக்டர்கிட்ட கேக்கவே இல்ல. மாத்திரையை நான் நிறுத்தினது அங்க தெரிய வேண்டாம்" என்றேன். அவர் உயிரைப் பற்றி அல்ல, என் பெயரைப் பற்றி நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும், மாமா மறந்துவிட்டேன் என்றார். மாத்திரை போடவில்லை என்கிற உண்மை டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது. பழி மட்டும் அவரோடு நின்றுவிட்டது. அந்த வலியிலும் எனக்காக யோசித்திருக்கிறார்.

நேற்று குளிகைப் புட்டியை எடுத்துக்கொண்டு மாமாவின் டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "நடக்க வெச்சது நல்ல காரியம்மா. நான் சொல்லும்போது மெதுவா மறுபடி ஆரம்பிக்கட்டும். மூலிகைன்னாலும் மருந்து மருந்துதான், என்னைக் கேட்காம எதுவும் கூடாது. மாத்திரைக்குப் பதிலா எதுவுமே கிடையாது" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

உங்கள் தம்பியிடமும் நேற்றே சொல்லிவிட்டேன். சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அக்காகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா உனக்குப் பரிஞ்சு பேசுற மாதிரி ஆயிடும்" என்றார்.

நேரில் பேச தைரியம் வராமல் எழுதுகிறேனே தவிர, நாளைக்கு என்று தள்ளிப்போடவும் முடியவில்லை. அப்பாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது, இனிமேல் குழந்தையைத் தனியாக அவரிடம் விடக் கூடாது என்றீர்கள். அவரும் சரி என்றுவிட்டார். பாப்பா செருப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் போடுகிறாள். "தாத்தாவோட லைசன்ஸைப் பிடுங்கிட்டாங்கடி" என்று சொல்லி, செருப்பைத் திரும்ப வைக்கிறார்.

உங்களிடம் சொல்லப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "விடும்மா. எனக்கு வயசாச்சு, மறதின்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. நீ இன்னும் நாப்பது வருசம் இந்தக் குடும்பத்துல தலைநிமிர்ந்து இருக்கணும்" என்றார்.

இன்று சாயங்காலம் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினார். எல்லோரும் செய்வதுதானே? அது கிடைத்த பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, எனக்கு நெஜமாவே மறதி வந்துடுச்சோ?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, அண்ணி. பயந்து கேட்டார்.

சனிக்கிழமை வந்து ஞாபக மறதிப் பரிசோதனைக்கு அழைத்துப் போய், அங்கேயே உங்களோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவரை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் மறதிக்காரர் என்று அழைத்துப் போகாதீர்கள். அதற்கு முன்னால் அவரிடம், நீங்கள் எதையும் மறக்கவில்லை அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் நூறு முறை சொன்னாலும் அவர் மறந்தேன் என்றே சாதிக்கிறார். நீங்கள் சொன்னால்தான் தனக்கு மறதி இல்லை என்று நம்புவார். என்னைப் பற்றி எதை முடிவு செய்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். டாக்டர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

தலைகுனிந்து,
உங்கள் தம்பி மனைவி