முகத்தில் காய்ந்த மண்

போன ஞாயிற்றுக்கிழமை கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, எதிர் சீட்டுக் குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது. அதன் அம்மா முந்தானையால் குழந்தையின் கண்ணை மூடினாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "பெரியவரே, பொம்மை கம்பெனியில இருந்து அப்படியே எழுந்து வந்துட்டீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, நாடகத்துக்குப் பூசிய மண்ணோடு நான் முகம் கழுவாமலே வந்திருந்தேன். இருந்தது ஒரு குடம் தண்ணீர். மற்ற நடிகர்கள் கழுவி முடித்தபோது குடம் காலி. மற்ற நடிகர்கள் என்று எழுதுகிறேன் பார், நீ இருந்திருந்தால் இதற்கே ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பாய்.

பொம்மை ஷெட்டில் நாள் முழுக்க அந்த மண்ணிலேதான் கிடக்கிறேன், வாசனை மூக்கில் ஏறுவதில்லை. சொந்த முகத்திலேயே காய்ந்தபோது ஏறியது. அது உன் வாசனை.

நீ முதல் தடவை எங்கள் ஷெட்டுக்கு ஒரு வாளியோடு வந்தாய். நான் பிள்ளையார் அச்சில் மண்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன். "அண்ணே, மூஞ்சில பூசிக்க இதுல கொஞ்சம் கெடைக்குமா?" என்றாய். பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். படித்தவர்கள் நிறம் ஏறுவதற்குப் பூசுவார்கள் போல என்று நினைத்து, "ஏன், சோப்பு ஒத்துக்கலையா?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் வாளி கீழே விழுந்தது. அடுத்த வாரமே அண்ணே போய் 'யோவ்' வந்துவிட்டது.

காயும்போது விரிசல் விட்ட பொம்மையைச் சூளைக்கு அனுப்பாமல் ஒதுக்கிவிடுவோம் என்று நான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அதிலிருந்துதான் உன் நாடகத்தின் விதி பிறந்தது. நடிக்கிறவர்கள் எல்லோரும் முகத்தில் மண் பூசிக்கொள்ள வேண்டும். மண் காய்ந்த பிறகு நாடகம் தொடங்கும். யார் முகம் வெடிக்கிறதோ அவர் பேச வேண்டியதைப் பேசியதும் எழுந்து போய்விட வேண்டும். "மூஞ்சி சும்மா இருக்கணும். அழுவறத பாக்கறவன் அழுவட்டும்" என்பாய். அதனால் நாடகம் எப்போது முடியும் என்று உனக்கே தெரியாது. பார்க்கிறவர்களுக்கு அது எப்போது தொடங்கியது என்றே தெரியாது.

மங்கலம்பேட்டையில் கடைசிவரை நின்று பார்த்த ஒரு கடைக்காரர், "மருந்த எப்ப வெளிய எடுப்பீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். ஸ்ரீமுஷ்ணத்தில் பாட்டு இல்லை என்று கூட்டம் கலைந்துவிட்டது. நானும் யாருடையதோ ஒரு ஆடும்தான் மிச்சம். "எப்படிய்யா இருந்துச்சு?" என்றாய். "ஆடு அசையவே இல்லய்யா" என்றேன். அதையே பெரிய பாராட்டாகப் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாய். வெளியூரில் ஒரு தடவை கூப்பிட்டு உனக்குச் சால்வை போட்டார்கள். அடுத்த நாடகத்துக்கு அது திரையாகத் தொங்கியது. நிலையான வேலை கிடையாது, குடும்பம் கிடையாது. பார்க்க மூன்று பேர் இருந்தால் அது நாடகம் என்பது உன் கணக்கு. அந்த மூன்றில் நான் எப்போதும் ஒருவன். ஒன்றும் புரியாது, ஆனாலும் வருவேன். ஒருநாள் ஆள் குறைகிறதே என்று என் மகளையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அவள் பார்க்கிற பக்கம் கொஞ்ச நாள்தான் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, மாமா மாமா என்று உன் பக்கம் நடிக்க வந்துவிட்டாள்.

நீ கடைசியாகக் கிடந்த புதுச்சேரி ஆஸ்பத்திரியில், "பேஷன்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டார். இவர் நாடகம் பார்க்கிறவன் என்றா சொல்ல முடியும்? அண்ணன் என்று சொல்லிவைத்தேன். உன் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர என்னால் ஆனது ஒன்றுமில்லை. தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றிருந்தார்கள். மகள் பஞ்சை நனைத்து உன் உதட்டில் வைத்தாள். அவள் வெளியே போனதும் என் கையைப் பிடித்து, "அவ என்ன மாதிரியே வருவாய்யா" என்றாய். அவ்வளவு சந்தோஷமாக நீ எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. தலையாட்டினேன். அதற்கப்புறம் உன் சொந்தம் என்று யாரும் வரவில்லை. உன் நாடகத்து ஆட்களும் நானும்தான் உன்னைத் தூக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போட்டது உன் கடைசி நாடகம். சுரங்கத்துக்கு வீடு போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கிற ஊர், ஒரு வீட்டு வாசல். கிழவனாக உட்கார வேண்டியவருக்குக் காய்ச்சல். "வசனமே இல்லப்பா. சும்மா உக்காந்திருந்தா போதும்" என்றாள். "அதத்தாம்மா வூட்டுலயும் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று முகத்தைக் கொடுத்தேன்.

நாடகத்தில் ஒவ்வொருவராக வீட்டை விட்டுப் போகிறார்கள். கடைசியாக மகள் என் எதிரே வந்து நின்று, "அப்பா, போயிட்டு வரேன்" என்றாள். கிழவன் பதில் சொல்லக் கூடாது. அவள் கன்னத்தில் மண் வெடித்தது. விதிப்படி திரும்பி நடந்துவிட்டாள். ஊர்க்காரர்கள் என்னையே பார்த்து அழுதார்கள். எனக்கும் எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. என் முகம்தான் வெடிக்கவில்லையே, எப்படிப் போவேன்?

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அவள். குழந்தை அழுது அடங்கிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "கெடச்ச அந்த ஸ்கூல் வேலைக்கு வரலன்னு சொல்லிட்டேன்ப்பா. இனிமே குழுவ நானே நடத்தப் போறேன். மாமா இருந்தா என்னப்பா சொல்லியிருப்பாரு?"

"ஆடு அசையவே இல்லன்னு சொல்லியிருப்பாரு" என்றேன். அவள் சிரித்து என் தோளில் சாய்ந்தாள். என் கண்ணோரத்திலிருந்து தாடை வரை மண் வெடிப்பது தெரிந்தது. சட்டையெல்லாம் வெள்ளைப் பொடி. குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தது.

உன் வாளி இப்போது எங்கள் ஷெட்டில் இருக்கிறது. ஒத்திகைக்கு முந்தின நாள் அவள் கேட்காமலே நிரப்பி வைக்கிறேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நீ என் கையைப் பிடித்தபோது தலையாட்டினேன் அல்லவா, அப்போது வாய்வரை வந்து நின்றது ஒன்று உண்டு. வேணாம்யா. அவ என்ன மாதிரி கூட ஆவட்டும். உன்ன மாதிரி வேணாம்.