வெளியே வலது கை

நவம்பர் 3, திங்கள்

விடாத தூறல். மழை லீவு எதிர்பார்த்தேன், விடவில்லை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி.

சாயங்காலம் வந்தால் அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்பாவுடன் வேலை பார்ப்பவர் போன் செய்தாராம். அப்பாவுக்கு நெஞ்சு வலி. மத்தியானமே உயிர் போய்விட்டது. திருவெறும்பூர் வீட்டில். அதாவது முதல் வீட்டில்.

எங்களுடையது ஸ்ரீரங்கத்தில். இரண்டு பெட்ரூம், பால்கனி. இருந்தும் ஊர்ப் பாஷையில் சின்ன வீடு. இந்த ஜோக்கை அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். சிரித்தார். அப்புறம் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அம்மா வாய்விட்டு அழ முடியாது. மாடி வீட்டுக்குக் கேட்கும். அவர்களுக்குத் தெரிந்தவரை அப்பாவுக்கு வெளியூர் வேலை, செவ்வாய், சனி மட்டும் வருவார். மிக்ஸியைப் போட்டேன். வெறும் மிக்ஸி. அம்மா அழுது முடிக்கும்வரை ஓடியது.

"நீ போய்ப் பார்த்துட்டு வா. என் மூஞ்சி அங்க நாலு பேருக்குத் தெரியும், உன்னைத் தெரியாது. யார் கண்ணுலயும் பட்டுடாத. அவர் மானம் போயிடும்."

நவம்பர் 4, செவ்வாய்

அப்பா வரவேண்டிய நாள். நான் போகிறேன்.

வெளியே போனால் அப்பா வைத்த சட்டங்கள்: பஸ்ஸில் அவர் முன்னால், நாங்கள் பின்னால் (ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இரண்டாம் நம்பர் குடும்பம்). அப்பா என்று கூப்பிடக் கூடாது, சார். முக்கியமாக, வெளியே வலது கை. அவரும் நொட்டாங்கை, நானும் நொட்டாங்கை. சேர்த்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

ஸ்கூல் கட். யூனிஃபார்மிலேயே போனேன். யூனிஃபார்முக்கு முகம் கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறினேன்.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். போஸ்டருக்கு மீசை வரைவது என் தொழில். அப்பாவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. கீழே மனைவி, மகன்கள் பெயர். கடைசியில் 'மற்றும் உறவினர்கள்'. அதற்குள் ஒண்டிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் நடுவே நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டி. கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இனி எந்தக் கையானால் என்ன.

அழவில்லை. யாராவது கேட்டால் பின் தெரு என்று சொல்வதாகத் திட்டம். பின் தெருப் பெண் எவ்வளவு அழலாம் என்று தெரியவில்லை.

"யார் வீட்டுப் பொண்ணு பாப்பா?" குண்டாக ஒரு அம்மா.

"பின்னாடி தெருங்க."

"நனைஞ்சு வந்திருக்க. இந்தா, காப்பி குடி."

பெட்டியைப் பார்த்துக்கொண்டே பேப்பர் கப்பை வாங்கினேன்.

"நொட்டாங்கையிலயா வாங்குவ? இந்த மனுசனும் இப்படித்தான், சொன்னா கேக்க மாட்டாரு."

தலைமாட்டில் இருந்தவர் நிமிர்ந்தார். அப்பாவின் மனைவி. என் கையைப் பார்த்தார். அப்புறம் முகத்தை. காப்பி பாதி யூனிஃபார்மில். தொலைந்தேன்.

கிட்டே வரச் சொல்லிக் கை அசைத்தார். போய்க் குனிந்தேன். என் காதுக்கு மட்டும்: "உங்கம்மா சாப்பிட்டாளா?"

தலையை ஆட்டினேன். ஆமாமா இல்லையா, எனக்கே தெரியாது.

"ரொம்ப வருசமாத் தெரியும்மா. அவரு பயந்து பயந்து மறைச்சாரு. தெரியாத மாதிரியே இருந்துட்டேன்." பிறகு எல்லாருக்கும் கேட்க, "பின்னாடி தெருப் பொண்ணுதான். வழி விடுங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

வீட்டில் அம்மா கதவருகே. "யாராச்சும் கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லம்மா."

"அப்பாடா. கடைசிவரைக்கும் அவரைக் காப்பாத்திட்டோம்."

நவம்பர் 6, வியாழன்

வெயில். ரெக்கார்டு முடிந்தது. காப்பிக் கறை போகவில்லை.

அம்மா கண்ணாடி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டாள். பூவும். வைக்காவிட்டால் மாடி வீட்டு அக்கா கேட்பாள். "கோணலா இருக்கா பாரு" என்றாள். நேராகத்தான் இருந்தது. அதைத்தான் பார்க்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். "அவங்க கேட்டாங்கம்மா. நீ சாப்பிட்டியான்னு. எல்லாம் தெரியுமாம். ரொம்ப வருசமா."

கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. அம்மாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

மிக்ஸியைப் போட ஓடினேன்.

"போடாத" என்றாள்.