அளவுப் பெட்டி

அன்புத் தங்கைக்கு,

வேண்டாம், துப்பாக்கியின் கைப்பிடியை, அந்தக் கிரிப்பை, படம் பார்த்து வாங்காதே. கடைக்காரர் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு சொல்வார். நம் கை மூன்றிலும் சேராது. அம்மா ஒரே கையைத்தான் இரண்டு முறை பெற்றிருக்கிறாள். நடுத்தரம் வாங்கு. உள்ளங்கை ஒட்டாத இடத்தில் மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசு. நன்றாகக் காய்ந்த பிறகு தேய்.

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் படம் வந்த செய்தித்தாளைத் தலையணை உறைக்குள் வைத்துப் படுக்கிறாள். எதற்கு என்று கேட்டால், பூச்சி அரிக்காதாம்.

மற்றவை. செருப்புக் கடைக்காரர் சொல்கிற கனத்த அடி வேண்டாம். தட்டையானது, கணுக்காலுக்குக் கீழே நிற்பது போதும். துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரில் தேதி பொறித்திருக்கும், பத்து வருஷம் தாண்டியதை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதே. பாட்டுக் கேட்கிற காதடைப்பானைப் போட்டி வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

சுடும்போது போடுகிற கண்ணாடியை நானே செய்து அனுப்புகிறேன். இலக்கு கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், பயப்படாதே. குழல் நுனியில் இருக்கும் முன்குறிதான் கூர்மையாகத் தெரிய வேண்டும். போன வாரம் எங்கள் கண்ணாடிக் கடையில் இப்படி ஒன்று செய்தபோது முதலாளி எட்டிப் பார்த்து, "ஏம்மா, மங்கலா தெரியறதுக்கா காசு வாங்குறோம்?" என்றார். கடையே சிரித்தது. நானும்.

இனி நீ கடைசியில் கேட்டது. "உன் பழைய கிரிப் சும்மாதானேக்கா கிடக்குது, அனுப்பேன்" என்று எழுதியிருந்தாய். அந்தச் 'சும்மா'வை மூன்று முறை படித்தேன்.

எடுத்து அனுப்பத்தான் போனேன். சுடுதளத்துக்குள் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாவிகளை வைத்திருக்கும் பூட்டு மாமா என் அலமாரியைத் திறந்துவிட்டு, "அன்னிக்கு ஒரு தடவ அளவுப் பெட்டியில வச்சுப் பாத்திருக்கலாமேம்மா" என்றார். தங்கச்சி பார்த்தாளே மாமா, அணித் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அன்னிக்குப் பெட்டிய யாரும் கேக்கலயே. சாவி என் இடுப்புலதான இருந்துச்சு. உன் தங்கச்சி வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுச்சு."

அன்று கடையில் எனக்கு விடுப்பு இல்லை. கிரிப்பில் புதிதாகப் பூசியிருந்தேன். துப்பாக்கியை உன்னிடம் கொடுத்து, அளவுப் பெட்டியில் வைத்து மூடி தடையில்லாமல் மூடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன்; அதில் அடங்காத துப்பாக்கியைத் தேர்வில் சுட விடமாட்டார்கள். நீ திரும்பி வந்து, கை கழுவிக்கொண்டே, "பாத்துட்டேன்க்கா, கச்சிதமா இருக்கு" என்றாய்.

மறுநாள் மூடி மூடவில்லை. ஒரு நகத்தின் கனம்தான் அதிகம். சரிசெய்யப் பத்து நிமிஷம் கொடுத்தார்கள். யாரோ ஒருவரின் அரத்தை வாங்கி, நடைபாதையில் உட்கார்ந்து தேய்த்தேன். உள்ளங்கையைத் தாங்கிய இடமே போய்விட்டது. அறுபது குண்டுக்கும் துப்பாக்கி கைக்குள் திரும்பிக்கொண்டே இருந்தது.

அணியில் இருந்தது ஒரே இடம். என்னைவிட இரண்டு புள்ளி கூடுதலாக எடுத்து நீ போனாய்.

அம்மா அன்று சொன்னாள்: "ரெண்டு பேர்ல யாரு போனா என்ன, வீட்டுக்குத்தான பேரு." நான் தலையாட்டினேன். இரண்டு வருஷமாக ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். அவசரத்தில் நான் அதிகமாகப் பூசிவிட்டேன், என் கைக்குப் பொறுமை போதாது என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். நீ என் தோளைத் தட்டிக்கொடுத்தாய்.

பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோய், திட்டுவேன் என்று பயந்து அப்படிச் சொன்னாயா? அல்லது வாசலில் நின்றபோதே, பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தாயா? எனக்குத் தெரியவில்லை. நீ சொன்ன சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது. ராத்திரிகளில் அல்ல, பட்டப்பகலில், யாருக்காவது கண் சோதித்துக்கொண்டிருக்கும்போது, இந்த வரி தெரிகிறதா, அடுத்தது தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, இது வந்து நிற்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

கிரிப்பை அனுப்ப முடியாது. அது சும்மா கிடக்கவில்லை.

நீ புதிதாக வாங்குவதைப் பெட்டியில் வைத்துப் பார்க்கும்போது வேறு யாரிடமும் கொடுக்காதே. எவ்வளவு நெருங்கியவர்களாக இருந்தாலும். பதிலில் கண்ணாடிக்கான உன் பவர் எண்ணை எழுது. அதற்குக் கீழே ஒரு வரி, எதுவானாலும், உண்மையாக எழுது. நீண்ட விளக்கம் வேண்டாம்.

உன் கை ஒருநாளும் நடுங்காமல் இருக்கட்டும்.

உனக்கு முன் பிறந்தவள்

பி.கு: இதை உறையில் போடுவதற்கு முன் சுடுதளத்துக்குப் போய் வந்தேன். அடுத்த அணித் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் தாள் மேசைமேல் இருந்தது. உன் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். அதற்கு அடுத்த வரியில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.