தோணிக்குப் போன பாட்டு சிடி

நவம்பர் 20, வியாழன்.

என் வீட்டுக்காரர் சொன்ன பொய் ஒன்று இன்று தெரிந்துபோனது. கோபம்தான் வர மாட்டேன் என்கிறது.

போன தடவை அவர் சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போனபோது, நூறு பாட்டு சேர்த்து ஒரு சிடி ரைட் பண்ணிக் கொடுத்துவிட்டேன். நடுக்கடலில் போனில் சிக்னல் இருக்காது. தோணியில் பழைய சிடி பிளேயர் உண்டு. திரும்பி வந்ததும், "பாட்டெல்லாம் எப்படி?" என்று கேட்டேன். "ஏளா, தெனமும் அதைக் கேட்டுத்தாம் ஒறங்குனேன்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று ஒயர் மாற்ற அந்தப் பிளேயரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் கடைக்குப் போன நேரத்தில் என் சிடியைப் போட்டேன். சுற்றியது, நின்றது, டிஸ்க் இல்லை என்று காட்டியது. மூன்று தடவையும் அப்படியே. ரேடியோக் கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"எம்பி3யா போட்டா பழைய பிளேயர் எடுக்காதும்மா. ஆடியோ சிடியா ரைட் பண்ணணும். எண்பது நிமிசந்தான் கொள்ளும்" என்றார்.

அப்படியென்றால் மனுஷன் ஒரு பாட்டுகூடக் கேட்கவில்லை! என் முகம் வாடக் கூடாதென்று அத்தனை பொய்.

அவரிடம் நான் மூச்சு விடவில்லை. நூறில் பதினைந்தைப் பொறுக்கி எடுப்பதற்குள் பொழுது அடைந்துவிட்டது. புது சிடியில் ஆடியோவாக ரைட் பண்ணி, அவர் குளிக்கப் போனபோது போட்டுப் பார்த்தேன், பாடுகிறது.

நாளைக்குத் தோணி கிளம்புகிறது. முதல் பாட்டுக்கு முன்னால் என் குரலைப் பதிந்திருக்கிறேன்: "ஏங்க, இப்பவாச்சும் கேக்குதா? போன தடவை எதைக் கேட்டு ஒறங்குனீய?"