அடையாளம் வேண்டாம் என்றீர்கள்

பிஷ்கேக்,
1997 நவம்பர் 3

லாடக்காரருக்கு அனார்குல் எழுதுவது.

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, கேட்கிறேன். நான்கு வருடமாக ஒரு வரிகூட எழுதாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது இங்கேயே தெரிகிறது.

நம் ஊர்க் கோச்கோர் வேனை ஓட்டும் ஜொல்சுவை இங்கே சந்தையில் பார்த்தேன். "அண்ணி, அண்ணன் அடுப்புக்கிட்ட காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. கம்பளிக் காலுறை கருகுற நாத்தம் வந்தப்புறம்தான் குனிஞ்சு பாத்தாரு. அப்பவும், இது யாரு காலுங்கற மாதிரிதான் பாத்தாரு" என்றான். சந்தை நடுவில் நின்று அழுதுவிட்டேன்.

சர்க்கரை வியாதி வந்தது எனக்குத் தெரியும். அது காலில் உணர்வையும் தின்றுவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல நான் யார்.

நான் இங்கே தைப்பது என்ன தெரியுமா? கால் சரியில்லாதவர்களுக்கான ஷூ. இந்தப் பட்டறையில் உங்களைப் போல மரத்த கால்காரர்கள் வாரம் நாலு பேராவது வருகிறார்கள். அதனால் சொல்வதைக் கேளுங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எந்த ஷூவைப் போடும் முன்னும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். உங்கள் கால் சொல்லாததை உங்கள் கை சொல்லும்.

ஒரு தாளில் இரண்டு காலையும் வரைந்து அனுப்புங்கள். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும்போது, எழுந்து நின்று வரைய வேண்டும். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அனார்குல்


கோச்கோர்,
1997 நவம்பர் 19

அனார்குலுக்கு,

உன் கடிதம் வந்தது. ஜொல்சுவுக்கு வாய் நீளம். அவன் வேன் டயரில் ஆணி ஏறட்டும்.

கால் படம் இதோடு இருக்கிறது. தாள் கிடைக்காமல் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்தது. பிடித்துக்கொண்டு வரைந்தது தம்பி அசான். பென்சில் விரலுக்கு நடுவே போகும்போது, "கூசலையா அண்ணே?" என்று நாலு தடவை கேட்டான். கூசினால் சொல்ல மாட்டேனா?

முப்பது வருடம் குதிரைக் காலைத் தூக்கி மடியில் வைத்து லாடம் அடித்தவன் நான். ஆணி ஒரு மயிரிழை தப்பாக இறங்கினாலும் குதிரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அதை வைத்துத்தான் நமக்குத் தெரியும். இப்போது எனக்கு யாராவது லாடம் அடித்தால் நான் சும்மா நிற்பேன் அனார். அதை நினைத்தால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

தைப்பதாக இருந்தால் ஒரு நிபந்தனை. நோயாளி ஷூ மாதிரி இருக்கக் கூடாது. பட்டை, கொக்கி எதுவும் வேண்டாம். ஊரில் எல்லாரும் போடுகிற அதே கறுப்பு ஷூ மாதிரி இருக்க வேண்டும். வாசலில் கழற்றி வைத்தால், இது மம்பெத்தின் ஊனக்கால் ஷூ என்று ஒருத்தன் கண்டுபிடிக்கக் கூடாது.

மம்பெத்


பிஷ்கேக்,
1998 ஜனவரி 11

லாடக்காரருக்கு,

ஜொல்சுவிடம் ஷூ கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவனைத் திட்டாதீர்கள், அவன் டயர் நன்றாக இருந்தால்தான் இது வந்து சேரும்.

உங்கள் கால் படத்தை என் மேசையில் ஒட்டி வைத்திருந்தேன். வலது சுண்டு விரல் இன்னும் வெளியே எட்டிப் பார்க்கிறது. அதற்கென்று தனியாக இடம் விட்டிருக்கிறேன். உள்ளே ஒரு தையல்கூட இல்லை, எல்லாத் தையலும் வெளிப்பக்கம். உள்ளே ஆட்டுத்தோல், ரோமத்தைக் குட்டையாகக் கத்தரித்தது. அடிப்பாகம் கெட்டி, ஆனால் பாதம் படும் இடம் மெத்தை. மூன்று முறை பிரித்துத் தைத்தேன். மேஸ்திரி, "யாருக்குடி இது, ஜனாதிபதிக்கா?" என்று கேலி செய்தார். "அதுக்கும் மேல" என்றேன்.

குதிகால் பக்கம் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் ஓட்டலாம் என்று ஊசியில் கோத்துவிட்டேன். கூட்டத்தில் மாறிப்போகாமல் இருக்குமே. பிறகு உங்கள் நிபந்தனை நினைவுக்கு வந்தது. பிரித்துவிட்டேன். பாருங்கள், எல்லாருடையதைப் போலவே இருக்கிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கூட்டுப்பண்ணை மூடிய வருடம், உங்கள் தம்பிமார் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, "வேலைக்குன்னு வாசப்படி தாண்டினா திரும்பி வராதே" என்றீர்கள். நான் பட்டினிக்குப் பயந்து தாண்டினேன், உங்களை வெறுத்துத் தாண்டவில்லை. கோபித்துப் போன பெண்டாட்டியைப் புருஷன் வந்து, அவள் வாசலில் நின்று கூப்பிட்டு அழைத்துப் போவதுதான் நம் வழக்கம். தானாகத் திரும்பி வருகிறவளை உங்கள் ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் மூன்றாவது மாடியில் இருக்கிறேன், கதவு எண் பதினெட்டு. சும்மா தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அனார்


கோச்கோர்,
1998 பிப்ரவரி 22

அன்புள்ள அனார்,

ஷூவைப் போட்டு ஒரு மாதம் ஆகிறது. தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. சந்தைக்கு நடந்தே போய் நடந்தே திரும்புகிறேன். சார்ஷென் நேற்று, "என்னடா, புது மாப்பிள்ளை மாதிரி நடக்கிறே" என்றான். அவனுக்கு இந்தக் குளிரில் நெஞ்சு சரியில்லை. ஆனாலும் கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை.

நீ எழுதியதை எட்டு முறை படித்தேன். பதில் எழுத வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள். அன்றைக்குச் சொன்னது தப்பு. கோபத்தில் சொன்னேன் என்று பூசி மெழுகவும் விரும்பவில்லை. உன் கையில் வேலை இருந்தது, என் கையில் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

பனி உருகி மலைப்பாதை திறக்கட்டும். நீ தைத்த இதே ஷூவில் வருகிறேன். மூன்று மாடியும் நானே ஏறி வந்து, பதினெட்டாம் கதவின் முன்னால் நின்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். உன் தலையணையைக் கட்டி வை.

மம்பெத்


பிஷ்கேக்,
1998 ஏப்ரல் 20

என் லாடக்காரருக்கு,

சார்ஷென் போய்விட்டார் என்று ஜொல்சு சொன்னான். உங்களோடு சேர்ந்து ஒரு குதிரையில் இரண்டு பேராக ஏறி விழுந்த மனிதர். எத்தனை முறை நம் வீட்டில் சாப்பிட்டிருப்பார். நீங்கள் உடைந்து போயிருப்பீர்கள், அதனால்தான் கடிதம் இல்லை என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

பாதை திறந்து மூன்று வாரம் ஆகிறது. அவசரம் இல்லை. தலையணையைக் கட்டினேன், பிறகு ராத்திரிக்கு வேண்டுமே என்று அவிழ்த்தேன். தினமும் இதே வேலையாக இருக்கிறது.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. முந்தின ஞாயிறு, பன்னிரண்டாம் தேதி, சாயங்காலம் சாயிரா என் அறைக்கு வந்திருந்தாள். என்னோடு தைப்பவள். உங்களைப் பற்றித்தான் பேச்சு. "நான் தைச்ச ஷூவைப் போட்டதிலேருந்து அவர் கால்ல ஒரு கீறல் இல்லடி" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் கிளம்பக் கதவைத் திறந்தால் வாசலில் ரத்தம், ஒரு கையகலம். மாடிப்படியிலும் சொட்டுச் சொட்டாக. "எவனோ ஆட்டுக்கறியைப் பையில்லாமத் தூக்கிட்டுப் போயிருக்கான்" என்றாள் சாயிரா. இந்தக் கட்டிடத்து ஆட்களுக்குச் சுத்தம் என்பதே கிடையாது. திட்டிக்கொண்டே வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். சிமெண்டில் இறங்கிவிட்டதால் லேசாகப் போகவே இல்லை.

கால் எப்படி? கையை விட்டுப் பார்த்துத்தானே ஷூ போடுகிறீர்கள்?

உங்கள் அனார்


பிஷ்கேக்,
1998 மே 24

என் லாடக்காரருக்கு,

இன்னும் ஒரு வரி வரவில்லை. ஜொல்சு என்னைப் பார்த்தால் வேனுக்கு அடியில் குனிந்து எதையோ தேடுகிறான். மனம் மாறிவிட்டது என்றால் அதையாவது எழுதுங்கள். திட்டு வாங்கப் பழகியவள் நான். இந்த மௌனம்தான் பழக்கமில்லை.

அனார்


கோச்கோர்,
1998 ஜூன் 16

அன்புள்ள அனார்,

ஜொல்சுவைத் திட்டாதே. வாயைத் திறக்காதே என்று அவனிடம் சத்தியம் வாங்கியவன் நான்.

சார்ஷெனை அடக்கம் செய்த நாள் ஏப்ரல் 12. நம் வழக்கம் தெரியுமே. கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தோம், வாசலில் ஐம்பது அறுபது ஜோடி ஷூ. எல்லாம் கறுப்பு. "தூக்கறாங்க!" என்று குரல் வந்ததும் ஆண்கள் எல்லாரும் ஓலமிட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தோம். செத்தவனைக் காக்க வைக்கக் கூடாதே. என் சார்ஷெனின் பாடையில் தோள் கொடுக்க நான் பிந்தக் கூடாதே. கால் நுழைந்ததைப் போட்டுக்கொண்டு ஓடினேன். கையை விட்டுப் பார்க்கவில்லை. நீ முதல் கடிதத்திலேயே சொன்ன அந்த ஒன்றைச் செய்யவில்லை.

இடுகாட்டுக்கு நாலு கிலோமீட்டர், ஏற்றம். மண் போட்டு முடித்ததும் ஒன்று தோன்றியது. இவன் நாளைக்கு, நாளைக்கு என்று எத்தனை காரியத்தைத் தள்ளிப் போட்டான். நான் ஏன் தள்ள வேண்டும்? அங்கிருந்தே தார்ச்சாலைக்கு இறங்கி, வந்த வண்டியை நிறுத்தி ஏறிவிட்டேன். உன்னிடம் வருகிறோம் என்ற சந்தோஷத்தில் வழி முழுக்கக் காலைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு நண்பனைப் புதைத்துவிட்டு இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று குற்ற உணர்வு வேறு.

மூன்று மாடியும் ஏறினேன் அனார். பதினெட்டாம் கதவு. உள்ளே உன் குரல். கூப்பிடும் முன், உன் வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டுமே என்று குனிந்தேன். அது உன் ஷூ இல்லை. யாருடையதோ. வலது குதிகாலில் ஒரு ஆணி உள்பக்கமாக முளைத்து நின்றது. காலுறை முழுக்க ரத்தம். நான் லாடம் அடிக்கிறவன், ஆணியின் நீளம் எனக்குத் தெரியும். அதன் மேல் அத்தனை தூரம் நடந்து, மூன்று மாடியும் ஏறியிருக்கிறேன். ஒருமுறைகூடக் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கதவுக்குப் பின்னால் நீ சாயிராவிடம், ஒரு கீறல் இல்லடி என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உன் குரலில் அப்படி ஒரு பெருமையை நான் கேட்டதே இல்லை. கதவைத் தட்ட என் கை எழவில்லை. ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நீ வெந்நீர் ஊற்றித் தேய்த்தது ஆட்டு ரத்தம் இல்லை.

புண் ஆறிவிடும், ஆறினதும் வரலாம் என்று ஊரில் யாருக்கும் சொல்லாமல் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தேன். மூன்று வாரத்தில் கால் கறுத்துவிட்டது. நாரின் மருத்துவமனையில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நல்ல டாக்டர்கள், அவர்கள் மேல் குறை இல்லை. நான்தான் பிந்திப் போனேன்.

சார்ஷெனின் நாற்பதாம் நாளுக்கு வந்த ஒருத்தர் உன் ஷூவை அசானிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். "மாத்திப் போட்டுட்டுப் போயிட்டேன். இது யாரோடதோ, கால் தாய்மடியில இருந்த மாதிரி இருந்துச்சு" என்றாராம். ஜோடியாகத் திரும்பி வந்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நீ சிவப்பு நூல் ஓட்டியிருப்பாய். வேண்டாம் என்றது நான். என் கால் போனது என்னால்தான், நீ பழியை உன் மேல் போட்டுக்கொள்ளாதே.

வந்து அழைத்துப் போவேன் என்று எழுதினேன். இனி அது முடியாது. ஒற்றைக் காலனைத் தூக்கிச் சுமக்க நீ வர வேண்டாம். உன் தலையணையை அவிழ்த்து வை. நன்றாக இரு.

மம்பெத்


பிஷ்கேக்,
1998 ஜூன் 18

என் லாடக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படியில் உட்கார்ந்து படித்தேன். கறை இருக்கிற இடத்தில். இன்னும் இருக்கிறது. என் கையாலேயே உங்கள் ரத்தத்தை, திட்டிக்கொண்டே, கரண்டியால் சுரண்டினேன்.

முரட்டுக் குதிரையையெல்லாம் காலைப் பிடித்து நிறுத்திய கை, ஒரு மரக்கதவைத் தட்ட முடியவில்லையா? தட்டியிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு இழுத்துப் போயிருப்பேனே. கால் இருந்திருக்குமே. இந்த வயிற்றெரிச்சல் நான் சாகும் வரைக்கும் தீராது, அதை உங்களிடம் மறைக்கப் போவதும் இல்லை.

ஆனால் நீங்கள் வந்தீர்கள். மூன்று மாடி ஏறி என் வாசலில் நின்றீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டால் என்ன, அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். புருஷன் வாசலுக்கு வந்தாகிவிட்டது, வழக்கப்படி அது போதும். உங்கள் தம்பிமாரில் யாராவது கேட்டால் வந்து இந்தப் படியைப் பார்க்கட்டும்.

அடுத்த வியாழக்கிழமை ஜொல்சுவின் வேனில் வருகிறேன். துணைக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். தலையணையும், ஊசியும், சிவப்பு நூலும் எடுத்து வருகிறேன். இடது ஷூவின் ஓரத்தில் ஓட்டப் போகிறேன். இந்த முறை உங்களைக் கேட்க மாட்டேன்.

அனார்