பத்தடி பின்னால் கிடந்த செருப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

தோட்டம் நன்றாக இருக்கிறது. நீ சொன்னபடியே, ஒரு வருடம் தாமதமாக, பாத்திகளை இடுப்புயரத்துக்குக் கட்டிவிட்டேன். களையெடுக்க முக்காலியில் உட்காருகிறேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் அடித்ததும் எழுந்து நடக்கிறேன். வாளியில் பாதித் தண்ணீர்தான். இடுப்பு வலி பரவாயில்லை.

இதை அன்றே செய்திருக்கலாம். "பெரிய டாக்டர்னு நெனப்பா? உன் வேலையப் பாரு" என்று உன் பிசியோதெரபி அறையில், நோயாளிகள் முன்னால் கத்தியவள் நான்.

நேற்றுக் காலை வெண்டைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு டீச்சர் சிரித்தார்.

"என்னம்மா, ஒத்தச் செருப்போட எங்க கிளம்பிட்ட?"

நானும் சிரித்தேன். இடது செருப்பு பத்தடி பின்னால் சேற்றில் கிடந்தது. அது கழன்றது எனக்குத் தெரியவே இல்லை.

உள்ளே போய், உன் நோயாளிகளை நடக்கச் சொல்வாயே, அதுபோல் குதிகாலில் நடந்து பார்த்தேன். வலது பாதம் நிமிர்ந்தது. இடது பாதம் நிமிரவில்லை. இன்று காலையும் நிமிரவில்லை. வலி மட்டும் திடீரென்று குறைந்திருக்கிறது. நரம்பு செத்தால் வலியும் போய்விடும் என்று நீ சொல்வாயே, அதுதான் பயமாக இருக்கிறது, அக்கா.

நான் ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் இதை டீச்சரிடம் கொடுத்து ஆட்டோவில் அனுப்புகிறேன். நீ எந்த ஆஸ்பத்திரிக்குச் சொன்னாலும் வருவேன், வாய் திறக்க மாட்டேன். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அதே ஆட்டோவில் ஏறித் திட்டிக்கொண்டே வா. உன் வாசலில் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் பிடிவாதக்காரத் தங்கை