கொதிக்க வைத்த ஊசிகள்

வேலூர் சிறை,
9-6-2025

அன்பு வல்லிக்கு,

உன் வேடியப்பன் எழுதுவது. நலம். நீயும் பாப்பாவும் சுகம்தானே? இங்கே சோறு ஆறித்தான் வருகிறது, கொசுவும் அதிகம். ஒரு தடவைகூட நீ மனு போட்டு என்னைப் பார்க்க வரவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

வக்கீல் வந்தார். வெறும் ஊசி வைத்திருப்பது குற்றமில்லையாம். கூடவே வலி மாத்திரை அட்டைகள் இருந்ததால்தான் கரைத்து ஏற்றிக்கொள்ளும் போதை ஊசிக்கென்று கேஸ் போட்டிருக்கிறார்கள். என்னிடம் பிடித்த நாற்பது ஊசியும் எங்கே வாங்கியது என்பதற்கு நல்ல பதில் இருந்தால் ஜாமீன் கிடைத்துவிடுமாம். ஆட்டுக்குப் போட நீ கொடுத்தது என்று எழுதிக் கொடு. நர்சம்மா நீ சொன்னால் நம்புவார்கள்.

அன்புடன்,
வேடியப்பன்

புதூர்நாடு,
17-6-2025

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. பலா இந்த வருஷம் நல்ல காய்ப்பு.

நம் வீட்டில் ஆடு ஏது? தை மாதமே நீங்கள் விற்றுவிட்டீர்கள்.

அந்த ஊசிகளைப் போலீஸ் மேசையில் பார்த்தேன். புது உறையில் போட்டு மெழுகுவத்திச் சூட்டில் ஒட்டியிருந்தீர்கள். ஒன்றின் உள்ளே ரத்தம் கறுத்திருந்தது. எல்லாம் காய்ச்சல் முகாமில் நான் மற்றவர்களுக்குப் போட்டுக் கழித்தவை. குப்பை வண்டி மலையேற மாதம் ஒன்றாகும், சுகாதார நிலையம் ஒழுகுகிறது என்று கழித்த ஊசி டப்பாவை நம் கொட்டகையில் வைத்தேன். அதில் கை விட்டிருக்கிறீர்கள். சாமைக் கஞ்சி காய்ச்சும் குண்டானிலா கொதிக்க வைத்தீர்கள்?

அமுதவல்லி

வேலூர் சிறை,
25-6-2025

வல்லி,

அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். கொதித்தால் கிருமி சாகும் என்று ஊர் ஊராகச் சொல்கிறவள் நீதானே? குண்டானையும் சாம்பல் போட்டுத் தேய்த்துத்தான் வைத்தேன். யாருக்கும் நான் கெடுதல் நினைக்கவில்லை.

இன்னொன்றும் யோசி. டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தது நீ. உண்மையைச் சொன்னால் உன் வேலையும் போகும். ஆடு என்று சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

வேடியப்பன்

புதூர்நாடு,
8-7-2025

வேடியப்பன் அவர்களுக்கு,

நான் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னேன். அடுத்தவன் ரத்தம் ஒட்டிய ஊசியை அல்ல.

என்னை ஊர் ஊராக ஜீப்பில் கூட்டிப்போகும் அன்பரசன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கண்ணெல்லாம் மஞ்சள். ஈரல் கெட்டுவிட்டது, போதைக்குப் போட்டுக்கொண்ட ஊசி வழியாக வந்தது என்கிறார் டாக்டர். “யக்கா, புதுசுன்னு சொல்லித்தான் அண்ணன் குடுத்தாரு. உறை பிரிக்காம இருந்திச்சே, இன்னா பண்றது?” என்று என்னிடம் கேட்டான். அவன் அம்மா செல்லி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். டப்பா என் பொறுப்பு, வீட்டில் வைத்தது என் தப்பு என்று முதலில் எழுதினேன். நீங்கள் செய்ததைப் பிறகு எழுதினேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு மனக்குறை இல்லை. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வருவதுதான் அருவருப்பாக இருக்கிறது.

ரத்தம் சோதிக்கச் சொல்லி வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் கதவைச் சாத்துகிறார்கள். பிடிபடுவதற்கு முன் யார் யாருக்கு விற்றீர்கள் என்று பெயர்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். நலம் விசாரிக்க வேண்டாம். அடியில் கையெழுத்தும் வேண்டாம்.

அமுதவல்லி